மூன்று ஆஸ்பத்திரிகளை நம்பாத சர்வர்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை அமர்க்களம்! காலையிலேயே வண்ணார்பேட்டை முழுக்க வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள். எங்கள் ஆபீஸ் மட்டும் சும்மா இருக்குமா? கம்ப்யூட்டர், பிரிண்டர், ஏசி ரிமோட், டீ கெட்டில் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். பதினாறு பேர் வேலை பார்க்கிற சின்ன சாப்ட்வேர் கம்பெனி இது. பூஜை என்றால் பொறுப்பு எப்போதும் என் தலையில்தான். பிரம்மசக்தி என்று பெயர் வைத்துக்கொண்டு வேறென்ன எதிர்பார்ப்பது?

கண்ணாடி அறைக்குள் இருக்கிற கண் வங்கி சர்வருக்குத்தான் நாலு வருஷமாக ஒரு பொட்டுகூட இல்லை. பாவம், தூசி மண்டிக் கிடந்தது. சுற்று வட்டாரத்தில் பதினோரு ஆஸ்பத்திரிகள் அதை நம்பி இருக்கின்றன. எங்காவது ஒருவர் கண் தானம் செய்தால், அந்தக் கருவிழி எந்த ஊரில் யாருக்குப் பொருந்தும் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் சர்வரிடமும் கேட்டுச் சொல்வது இதுதான். ஓடிக்கொண்டே இருக்கிற மெஷினுக்கு எப்படிப் பூஜை செய்வது? ஆயுதத்தை ஓய வைத்துத்தானே கும்பிட வேண்டும்! முதலாளி சங்கரகுமார் சாரிடம் கேட்டேன், பத்து நிமிஷம் என்றால் செய் என்றார். கண் வங்கி டாக்டர் மெஹர்நிஷாவிடமும் போனில் சம்மதம் வாங்கினேன். முறைப்படி நிறுத்தி, ப்ளக்கை உருவி, மெஷினை வெளியே இழுத்து, துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றப் போனேன். பக்கத்து நாற்காலி ஜெபசிங் ஓடி வந்து தட்டைப் பிடுங்கிவிட்டான். புகை பட்டால் அலாரம் அடிக்குமாம். சரி, போகட்டும் என்று பூவோடு நிறுத்திக்கொண்டேன்.

பத்து நிமிஷம் பதினேழு நிமிஷமானது. ப்ளக்கைச் சொருகியதும் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. பொரியும் சுண்டலும் அரை மணியில் காலி. ஜெபசிங் வீட்டுக்கு இரண்டு பொட்டலம் கொண்டுபோனான். அவன் மனைவிக்கு ஏழாவது மாசம், சுண்டலைக் கண்டால் விடமாட்டாளாம்.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினேன். ஜெபசிங் மட்டும் ஆபீஸில் தனியாக இருக்கிறான். நெட்வொர்க்கும், வேண்டாதவர்களை உள்ளே விடாத பயர்வாலும் அவன் கையில். ஐந்து ஆஸ்பத்திரிகளைப் புது லைனுக்கு மாற்றுகிறானாம், லீவு நாளில்தான் யார் தொந்தரவும் இருக்காதாம். பிழைக்கத் தெரியாத பிள்ளை.

அக்டோபர் 4, சனி

ஒரு அருமையான பிழை மாட்டியிருக்கிறது! பல நாளாகக் கை அரித்துக்கொண்டிருந்தது, வந்தது பார் விருந்து.

பத்து மணிக்கு டாக்டர் மெஹர்நிஷா போன் செய்தார். வள்ளியூரில் ஒரு பெரியவரின் கண்கள் கிடைத்திருக்கின்றன. பொருத்தம் பார்க்கச் சொன்னால், தூத்துக்குடி, நாகர்கோவில், சங்கரன்கோவில் மூன்று இடத்திலிருந்தும் பதிலே இல்லை. மற்ற எட்டு ஆஸ்பத்திரிகள் ஒழுங்காகப் பேசுகின்றன. அந்த மூன்றுக்கும் ஆளைவிட்டுப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கருவிழியை நாலு நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது என்பதால் அவர் குரலில் பதற்றம் தெரிந்தது.

லாகைத் திறந்தேன். சர்வர் தானே எழுதிவைக்கிற டைரி அது. மூன்று இடத்துக்கும் ஒரே புலம்பல்: இந்தச் சான்றிதழை நம்புவதற்கு வழி எதுவும் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் சர்வரோடு பேச வருகிற எந்த சர்வரும் முதலில் ஒரு சான்றிதழை நீட்ட வேண்டும். அதில் கையெழுத்துப் போட்ட அமைப்பு எது என்று இது பார்க்கும். தன்னிடம் இருக்கிற பட்டியலில் அந்த அமைப்பின் பெயர் இருந்தால் கதவைத் திறக்கும், இல்லாவிட்டால் முகத்தில் அடித்த மாதிரி சாத்திவிடும். தாலுகா ஆபீஸில் வி.ஏ.ஓ. கையெழுத்தைப் பார்க்கிற கதைதான். கடைசியாகச் செவ்வாய்க்கிழமை பேசியபோது இந்த மூன்று பேரையும் தெரிந்திருந்தது. இன்றைக்கு யாரென்று கேட்கிறது!

அப்ளிகேஷனை மூன்று தடவை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். பலனில்லை. மெஷினையே ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்டால், வள்ளியூர் கண்ணுக்குப் பொருத்தம் ஓடுகிறது, தொடவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. காரணம் தெரியாமல் சரியானால் எனக்குச் சோறு இறங்காது.

அக்டோபர் 5, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வருகிற நாள். தொட்டியை நிரப்பிவிட்டுத் துணி ஊறப் போட்டேன். இவர் கறி வாங்கி வந்தார். குழம்பைக் கிண்டும்போதெல்லாம் பதினோரு ஆஸ்பத்திரிகளில் ஏன் சரியாக அந்த மூன்று மட்டும் என்பதே மனசில் ஓடியது. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

அக்டோபர் 6, திங்கள்

எவ்வளவு நடந்துவிட்டது ஒரே நாளில்!

காலையில் சார் கூட்டம் போட்டார். ஜெபசிங் புது லைனுக்கு மாற்றிய ஐந்து ஆஸ்பத்திரிகளில் இந்த மூன்றும் இருக்கின்றன. சாருக்கு அது போதும். லீவு நாளில் யாருமில்லாதபோது உள்ளே புகுந்து கை வைத்தவன் இவன், கெட்டதும் அதற்கப்புறம்தான், இதில் ஆராய என்ன இருக்கிறது என்றார். கண் வங்கியை நடத்துகிற டிரஸ்டுக்குக் காலையிலேயே மெயில் அனுப்பிவிட்டாராம், எங்கள் நெட்வொர்க் ஆள் செய்த தவறு, நடவடிக்கை எடுக்கிறோம் என்று. ஜெபசிங் எழுந்து நின்று, பயர்வாலில் என்னென்ன மாற்றினேன் என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னான். சார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வெள்ளிக்கிழம வரைக்கும் டயம். இவன் செய்யலன்னு யாராவது காட்டுனா சரி. இல்லன்னா அன்னைக்கு இவனுக்குக் கடைசி நாளு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் காட்டுகிறேன் சார் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஜெபசிங் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாலு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது என் வேலையையும் சேர்த்து ஒரு வாரம் இழுத்தவன்.

முதலில் பயர்வாலைச் சோதித்தோம். சில பயர்வால்கள் நடுவில் புகுந்து, வருகிற சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு தன்னுடையதை நீட்டும். அப்படி நடந்தால் தப்பு ஜெபசிங் பக்கம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எங்களிடம் வந்து சேர்கிற சான்றிதழும் நாகர்கோவிலில் இருக்கிற அசலும் ஒன்றா என்று ஒப்பிடுவது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் கைரேகை மாதிரி அறுபத்து நாலு எழுத்து உண்டு. நாகர்கோவில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு அம்மாவைப் போனில் பிடித்தேன். அவர் வாசிக்க வாசிக்க ஜெபசிங் டிக் அடித்தான். பி-யா டி-யா என்று சந்தேகம் வந்ததும் அந்த அம்மா "பி, பப்படத்துக்கு உள்ளது. டி, டாக்டருக்கு உள்ளது" என்றார். அறுபத்து நாலும் அச்சாகப் பொருந்தியது! பயர்வால் எதையும் தொடவில்லை. ஜெபசிங் மேஜையைத் தட்டியதில் டீ கொட்டிவிட்டது.

சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அறுபத்து நாலு எழுத்தெல்லாம் எனக்கு வேண்டாம், மூன்று ஆஸ்பத்திரியும் பேசுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சான்றிதழைச் சரிபார்ப்பதையே நிறுத்திவிடு, யார் வந்தாலும் உள்ளே விடட்டும் என்றார். தானம் செய்தவர் பெயர், வாங்குகிறவர் பெயர், நோய் விவரம் அத்தனையும் இந்த வழியாகத்தான் போகிறது. யார் வேண்டுமானாலும் நான்தான் நாகர்கோவில் என்று வந்து நிற்கலாம். என் கையால் அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று ஆஸ்பத்திரிக்கும் கையெழுத்துப் போட்டது ஒரே அமைப்பு! மத்தியானம் இதைக் கண்டுபிடித்ததும் நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. அந்த ஒரு பெயர்தான் எங்கள் பட்டியலில் இல்லை. சேர்த்துவிட்டால் முடிந்தது. சேர்த்தேன். வெற்றி என்றது திரை. ஓட்டினால் அதே புலம்பல்! இரண்டு மணி நேரம் முட்டிமோதிய பிறகுதான் உறைத்தது, அந்த மெஷினில் புரோகிராம்களை ஓட்டுகிற ஜாவா இரண்டு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். பழசு ஒன்று, அப்ளிகேஷன் பயன்படுத்துகிற புதுசு ஒன்று. நான் பழசின் பட்டியலில் போய்ச் சேர்த்திருக்கிறேன். பந்தி நடப்பது மாடியில், நான் இலை போட்டது கீழே. என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஒன்பது பத்துக்குச் சரியான ஜாவாவின் பட்டியலில் சேர்த்தேன். ஒன்பது பன்னிரண்டுக்குத் தூத்துக்குடி பேசியது! பின்னாலேயே நாகர்கோவில், சங்கரன்கோவில். நான் கத்தியதில் அக்கவுண்ட்ஸ் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஜெபசிங் பருப்பு வடை வாங்கி வந்தான். நாலாவது வடையைக் கடிக்கும்போது மூன்றும் மறுபடி அவுட். மணி பத்து.

பட்டியலைப் போய்ப் பார்த்தால் நான் சேர்த்த பெயரைக் காணவில்லை. மறுபடி சேர்த்தேன். பதினொன்று அடித்ததும் மறுபடி மாயம். அட, மணிக்கு ஒரு தடவை யாரோ வந்து அழிக்கிறார்கள்! துரத்திக்கொண்டு போனேன். எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு புண்ணியவான் எழுதிவைத்த, தானாக ஓடுகிற சின்ன ஸ்கிரிப்ட், மணிக்கு ஒருமுறை ஒரு மூலப் பட்டியலை எடுத்து வந்து இதன் மேல் போட்டுவிடுகிறது. அந்த மூலப் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். அதில்தான் அந்த அமைப்பு இல்லை. ஃபைலின் தேதியைப் பார்த்தேன்.

2015, ஜனவரி 1.

பத்து வருஷத்துப் பழைய ஃபைல்! இந்த அமைப்பு அதற்கப்புறம்தான் பிறந்ததே, பின் எப்படி அதில் இருக்கும்? பிடித்துவிட்டேன் என்ற குஷியில் நேரே சார் அறைக்கு ஓடினேன். யாரோ பழைய ஃபைலை எடுத்து இதன் மேல் போட்டிருக்கிறார்கள் சார், அவ்வளவுதான் விஷயம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

சார் சாய்ந்து உட்கார்ந்தார். லீவு நாளில் இங்கே இருந்தது யார் என்று மட்டும் கேட்டார்.

நான் அதைச் சொல்லவே வரவில்லை. வாயிலிருந்து போன பிறகு என்ன செய்ய? ஜெபசிங்கைக் கூப்பிட்டுக் கேட்டார். பழைய ஃபைல் எதையும் தான் தொடவில்லை என்றான் அவன். சார் தலையை ஆட்டிக்கொண்டே, டிரஸ்டுக்கு இன்னொரு மெயில் எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் அவனிடம், ஃபைலில் 2015 என்று இருந்ததைத்தான் சொன்னேன், உன்னைச் சொல்லவில்லை ஜெபா என்றேன். தெரியும் என்றான். மிச்சமிருந்த வடைகளை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டான்.

அக்டோபர் 8, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தே விட்டேன்! பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. அந்த மெஷினை வாங்கியதே நாலு வருஷம் முன்னால். அதில் 2015-ல் ஒரு ஃபைல் எப்படிப் பிறக்கும்? ஃபைல் பழசில்லை. மெஷினின் கடிகாரம் பழசு!

பாதி தோசையோடு ஆபீஸுக்கு ஓடினேன். எல்லாம் படிப்படியாக அவிழ்ந்தது. மெஷினுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள அதுதான் துணை. அது செத்து எத்தனை மாசமாயிற்றோ, மெஷின் நிற்காமல் ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் முழுதாக அறுந்து திரும்ப வந்தபோது மெஷின், இன்று 2015 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறது. அந்தப் புண்ணியவானின் ஸ்கிரிப்ட் மெஷின் எழும்போது ஒரே ஒரு தடவை மூலப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும். காலாவதியான அமைப்புகளையும் இன்னும் காலம் தொடங்காத அமைப்புகளையும் தள்ளிவிடும். 2015 ஜனவரியில் நின்று பார்த்தால் அந்த மூன்று ஆஸ்பத்திரிக்கும் கையெழுத்துப் போட்ட அமைப்பு இன்னும் பிறக்கவில்லை, எனவே தள்ளிவிட்டது. ஆறு நிமிஷம் கழித்து மெஷின் இணையத்தில் கேட்டுத் தன் நேரத்தைத் திருத்திக்கொண்டது. அப்புறம் யார் வந்து கடிகாரத்தைப் பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும்!

இதைவிட அழகான பிழையை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. சனிக்கிழமையே மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்திருந்தால், அதில் கரண்ட் அறாது என்பதால், தானாகவே சரியாகியிருக்கும், காரணமும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஸ்கிரிப்டை இப்போதைய நேரத்தில் ஒரு தடவை ஓட்டினேன். பட்டியல் முழுசாக வந்தது. பதினோரு ஆஸ்பத்திரியும் பேசுகிறது. பத்து அடித்தது, பேசுகிறது. பதினொன்று அடித்தது, பேசுகிறது. டாக்டர் மெஹர்நிஷா போனிலேயே வாழ்த்தினார். சார் எல்லாரையும் கூப்பிட்டு என்னைப் பார்த்துக் கைதட்டச் சொன்னார். எப்படிச் சரியாயிற்று என்று கேட்டார். பட்டியல் கெட்டிருந்தது, புதிதாகத் தயாரித்தேன் என்றேன். அது உண்மைதான்.

கரண்ட் எப்போது அறுந்தது என்பது லாகில் இருக்கும். இன்று பார்க்க நேரமில்லை. பாப்பா பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்.

அக்டோபர் 9, வியாழன்

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். இட்லிக்கு ஊறப் போட்டிருக்கிறேன். புது பேட்டரி வந்துவிட்டது, சின்னதாக அழகாக இருக்கிறது.

ஜெபசிங் டிராயரைக் காலி செய்கிறான். என்னைப் பார்த்து, பயர்வால் விவரமெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவும் என்றான். கெட்டிக்காரன். எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். கோயம்புத்தூர், சென்னை என்று எத்தனை கம்பெனி இருக்கிறது. ஏழாவது மாசத்தில் வீடு மாற்றுவது கொஞ்சம் கஷ்டம்தான். அவன் மாமியார் வீடு இருக்கிறதே.

டிரஸ்டுக்கு நாளைக்கு முழு அறிக்கை போக வேண்டும், என்னை எழுதச் சொல்லியிருக்கிறார் சார். காரணம் என்ற தலைப்பின்கீழ் என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொல்லிவிட்டார்: ஊழியர் ஒருவர் பழைய ஃபைலைக் கவனக்குறைவாகப் பதிவேற்றியது. அடுத்த பிராஜெக்டுக்கு நீதான் தலைமை என்றும் சொன்னார். ஐந்து வருஷமாகக் காத்திருந்தேன் இதற்கு.

சாம்பாரில் உப்பே போடவில்லை இன்றைக்கு.

அக்டோபர் 10, வெள்ளி

காலை எட்டரைக்கே போய் லாகைத் திறந்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. புதன்கிழமை பல் தேய்க்கும்போதே தெரியும் எனக்கு, இந்த நோட்டில் எழுதத்தான் கை வரவில்லை. அக்டோபர் 1, பகல் பன்னிரண்டு பதினாலுக்கு நின்றிருக்கிறது. அடுத்த வரி 2015 ஜனவரி 1. அதற்கடுத்த சில வரிகள் தாண்டி மறுபடி அக்டோபர் 1, பன்னிரண்டு முப்பத்தேழு. ஆயுத பூஜை. ப்ளக்கை உருவியது நான். மின்சாரம் போனதை ஜெபசிங் தலையில் ஏற்ற வழியே கிடையாது, அவன் கையில் சுண்டல் தட்டு இருந்தது.

அறிக்கையை எழுதினேன். பேட்டரி செத்திருந்தது, அதைச் சோதிக்காமல் பூஜைக்காக மெஷினின் மின் இணைப்பைத் துண்டித்தவர் பிரம்மசக்தி, ஜெபசிங் செய்த மாற்றங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, புதன்கிழமையே காரணம் தெரிந்தும் நான் சொல்லவில்லை. கடைசி வாக்கியத்தை மூன்று தடவை அடித்து மூன்று தடவை எழுதினேன்.

சாரிடம் காட்டினேன். படித்ததும் முகம் கறுத்துவிட்டது. பூஜைக்காக சர்வரை நிறுத்தினோம் என்று டிரஸ்டுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள், அனுமதி கொடுத்தது நான், ஜெபசிங் என்று இரண்டு மெயில் அனுப்பியதும் நான், இப்போது மாற்றிச் சொன்னால் என் மரியாதை என்னாவது என்று கேட்டார். பேட்டரி கோளாறு என்று மட்டும் போடு என்றார்.

"அப்போ ஜெபா, சார்?"

"அவன் போறது போறதுதான். சொன்ன சொல்ல மாத்த முடியாதும்மா."

எனக்கு வந்தது பயமா கோபமா என்று இப்போதும் தெரியவில்லை. என் நாற்காலிக்கு வந்தேன். எழுதியது எழுதியபடியே டாக்டர் மெஹர்நிஷாவுக்கும் டிரஸ்டுக்கும் சாருக்கும் ஜெபசிங்குக்கும் அனுப்பினேன். பொத்தானை அமுக்கியதும் ஓடிப்போய் ஊருக்கே சொல்ல வேண்டும் போல இருந்தது.

கால் மணியில் டாக்டர் போன் செய்தார்.

"நிறுத்திக்கோங்கன்னு அன்னைக்குச் சரி சொன்னவ நான்தானே சக்தி. அதையும் எழுதியிருக்கலாம்ல? அந்தத் தம்பிய எதுக்கு அனுப்புறீங்க? டிரஸ்ட்ல நான் பேசிக்கிறேன். முதல்ல உங்க சாருகிட்ட போனைக் குடுங்க."

சார் அறைக்குள் பத்து நிமிஷம் பேச்சு நடந்தது. வெளியே வந்தவர், ஜெபசிங் திங்கட்கிழமை வழக்கம்போல வரலாம் என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து, அடுத்த பிராஜெக்டை மறந்துவிடு என்றார். சரி சார் என்றேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஜெபசிங்கைத் தேடினேன். படிக்கட்டில் உட்கார்ந்து போனில் என் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தான். மன்னித்துவிடு ஜெபா என்றேன்.

"எனக்குச் செவ்வாக்கிழமையே தெரியும்க்கா" என்றான். "2015-ன்னு நீங்க சொன்ன ஒடனே போயி லாகப் பாத்துட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா, தப்பிக்கதுக்கு அக்காவ மாட்டிவிடுதான்னு ஆயிரும்லா. நீங்களே கண்டுபிடிச்சிருவிய, கண்டுபிடிச்சா சொல்லிருவியன்னு இருந்தேன். புதங்கிழம கண்டுபிடிச்சிட்டிய. எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன்க்கா."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 13, திங்கள்

வந்துவிட்டான்! ஒன்பது மணிக்கு அவன் பைக் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றேன், அப்புறம் எதற்கு நிற்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். காலை வணக்கம் சொன்னான். டிராயரில் சாமானைத் திரும்ப அடுக்கினான்.

பதினொன்றரைக்கு டாக்டர் சொன்னார், வெள்ளிக்கிழமை கிடைத்த ஒரு கருவிழியைத் தூத்துக்குடியில் இன்று காலை ஒரு மீன் ஏலக்காரருக்கு வைத்தாயிற்று, பொருத்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நம்முடைய சர்வர்தான். ஆபீஸே ஆர்ப்பரித்தது. சார்கூட எட்டிப் பார்த்தார்.

டாக்டரிடம் நேரம் வாங்கி, முறைப்படி நிறுத்தி, புது பேட்டரியைப் போட்டோம். மிச்சமிருந்த வேலை அந்த ஸ்கிரிப்டைத் திருத்துவது. கடிகாரம் சரியாகும் வரை காத்திருந்து அதற்குப் பிறகு பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பதினோரு வரிதான், எழுதி முடித்தேன். எங்கள் ஆபீஸில் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துச் சரி என்று போட்டால்தான் சர்வருக்குப் போகும். என்னுடையதை ஜெபசிங் பார்க்க வேண்டும், அவனுடையதை நான். நாலு வருஷமாக அவன் என்னுடையதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே டீயை உறிஞ்சியபடி சரி போட்டுவிடுவான்.

இன்று திறந்தான். நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தான். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கீபோர்டைத் துடைத்தேன். இருபது நிமிஷம் கழித்து ஒன்பதாவது வரியில் விரலை வைத்தான். கடிகாரத்துக்காகப் பத்து நிமிஷம் காத்திரு என்று எழுதுவதற்குப் பதில் பத்து வினாடி என்று எழுதியிருக்கிறேன். அப்படியே போயிருந்தால் அடுத்த தடவை கரண்ட் அறுந்ததும் இதே கதைதான்.

திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.